பதினோரு மணிப் பேச்சு

"உன்கிட்ட மட்டும்தான்கா சொன்னேன்" என்றாள் தங்கை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

முப்பத்தொரு வருஷமாகத் தினமும் காலை பதினோரு மணிக்கு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிற பேச்சு அரை மணி நேரத்துக்குக் குறைந்ததே கிடையாது. அன்றைக்கு அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. அக்கா கையில் கத்தரிக்கோலும் பால் பாக்கெட்டுமாக அப்படியே நின்றாள்.

விஷயம் இதுதான். தங்கையின் வீட்டுக்காரர் நாற்காலி மேசை செய்யும் கம்பெனி ஒன்றில் சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் கம்பெனியை மூடிவிட்டார்கள். மனிதர் அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்போதும் போலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்புவார். பொது நூலகத்தில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வேலை பார்த்துக் களைத்த முகத்தோடு வீடு திரும்புவார். கட்டிய மனைவிக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "வெளிய ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் செய்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு அக்காவிடம் சொன்னாள். அக்காவிடம் சொல்வது வெளியே சொல்வது ஆகாது என்பது அவள் எண்ணம்.

நேற்றுச் சாயங்காலம் அந்த மனிதருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. பேசியவர் ஒரு பாட்டில் கம்பெனியின் ஷிப்ட் சூப்பர்வைசர். "உங்க சகலை சொன்னாரு. சும்மாதான் இருக்கீங்களாமே. இங்க ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு, வாங்களேன்" என்று நல்ல மனசோடு, பச்சையாகக் கேட்டுவிட்டார். சகலை என்றால் அக்காவின் வீட்டுக்காரர், அந்தக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கை புருஷன் போனை வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய்த் தனி அறையில் படுத்துக்கொண்டார். அதிலிருந்து அவளோடு பேச்சே இல்லை. அவள் இப்போது அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இதில் அக்காவுக்கு உறைத்தது ஒன்றுதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை, மாடி வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்கிற பேச்சுக்கே இடமில்லை. இத்தனை வருஷமாக அவருக்கு ஒரு சேதி சொல்வதென்றால் தெருவுக்கே சொல்கிற சத்தத்தில் சொல்லித்தான் பழக்கம், ரகசியத்தை யார் அப்படிச் சொல்வார்கள்?

அவர் இருபத்தெட்டு வருஷம் பாட்டில் கம்பெனியில், கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்றவர். கல்யாணமான நாலைந்து வருஷத்துக்குள்ளேயே காது மந்தம், ஓய்வு பெறும்போது சுத்தமாக அவுட். அந்த வீட்டில் அதனால் ஒரு வசதியும் இருந்தது. சமையலறையில் நின்றுகொண்டு யாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். கை வேலையாக இருப்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்காவும் தங்கையும் உலகத்தையே கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதில் பாதி அவரைப் பற்றித்தான் இருக்கும். அவர் ஹாலில், வாசலுக்கு அருகே, நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால் மகள் பிடிவாதம் பிடித்து அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் இரண்டு. அதன் பிறகு எதிரே நின்று பேசினால் கேட்கிறது, டிவியின் அலறல் அடங்கியது. ஆனால் சமையலறை ஹாலுக்கு நேர் பின்னால், நடையும் இரண்டு கதவும் தாண்டி இருக்கிறது. மெஷின் போட்ட முதல் வாரமே அவள் சமையலறையில் இருந்து மெதுவாகக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்திருந்தாள். அவர் திரும்பவே இல்லை.

சோதித்துப் பார்ப்பது அவள் தொழில். பெரிய ஆஸ்பத்திரியின் துணி ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் இருந்து, பதினோரு மணிப் பேச்சைக்கூட அங்கே போனிலேயே பேசி, டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோராலும் ஸ்டோரம்மா என்று அழைக்கப்பட்டவள். போர்வையும் தலையணை உறையும் காணாமல் போகிற இடத்தில் அவ்வளவு காலம் உட்கார்ந்த ஒருத்திக்கு மனித குலத்தின் மீது பெரிய நம்பிக்கை இருக்காது. ஒருமுறை மாதம் நாற்பது போர்வை காணாமல் போனது. எல்லா வார்டும் கையை விரித்தன. ஸ்டோரம்மா ஒவ்வொரு வார்டுக்கும் போகிற போர்வையின் ஓரத்தில் வேறு வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு அனுப்பினாள். மூன்றாம் வாரம் எதிர்த் தெரு லாட்ஜின் கொடியில் பச்சை நூல் காய்ந்தது. எந்த வார்டு என்பது தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது அவள் கணவனை நேராகவே பிடித்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா. பாவம், சும்மா உக்காந்திருக்கான். ஒரு உதவிதானே."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு கவளத்தை வாயில் போட்டு, வேண்டியதற்கு மேலேயே மென்றார். "அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா" என்றார்.

அந்த மூஞ்சியை இவர் கடைசியாகப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. அப்போதும் வந்தவரிடம் "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியோ, இளைச்சுட்டீங்களே" என்று விசாரித்தவர் இவர். ஸ்டோரம்மா மேலே கேட்கவில்லை. பொய் சொல்கிறவனை மேலும் மேலும் கேட்டால் அவன் பொய்யைச் சரி செய்துகொள்வான், அவ்வளவுதான் பலன். அதற்குப் பதில் விஷயம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். யாரோ ஒருத்தர் இவர் காதில் போடுகிறார்கள். அது யார்?

சந்தேகம் முதலில் மாடி வீட்டுக்காரியின் மேல் போனது. அவள் பால்கனி சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே. துணி உலர்த்துகிற சாக்கில் காலை முழுக்க அங்கேதான் நிற்பாள், அவள் வீட்டில் அவ்வளவு துணி எங்கிருந்து வருகிறது என்பதே ஒரு கேள்வி. அடுத்தது மகள். வாரம் ஒருமுறை வெளியூரில் இருந்து பேசுவாள், சித்தியோடும் தனியாகப் பேசுவாள். பெற்ற பெண்ணைச் சந்தேகப்படலாமா என்று மனசு கேட்டது. படலாம் என்று ஸ்டோரம்மா பதில் சொல்லிக்கொண்டாள். துணி ஸ்டோரில் அவள் பிடித்ததிலேயே பெரிய திருடி, அவளோடு தினமும் சாப்பாட்டைப் பகிர்ந்து தின்றவள்.

பழைய வித்தையைத்தான் எடுத்தாள். மாடி வீட்டுக்காரியைப் படிக்கட்டில் நிறுத்தி, "முழங்கால் ரொம்ப வலிக்குதுங்க, அவருகிட்ட சொன்னா பயப்படுவாரு" என்று ஒரு பொய்யை விட்டாள். மகளிடம் படுக்கையறையில் இருந்து போனில், "தூக்கமே வர மாட்டேங்குது, அப்பாகிட்ட சொல்லிடாத" என்று இன்னொன்றை விட்டாள். முழங்கால் என்று அவர் விசாரித்தால் மாடி, தூக்கம் என்று விசாரித்தால் மகள்.

மூன்று நாள் காத்திருந்தாள். அவர் முழங்காலையும் கேட்கவில்லை, தூக்கத்தையும் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு போனும் அடிக்கவில்லை. இவளாகக் கூப்பிட்டபோது தங்கை எடுக்கவில்லை. அந்த அரை மணி நேரம் அவளுக்கு எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். ஒரு நாளில் அவள் வாயைத் திறந்து மனசில் இருப்பதைப் பேசுகிற இடம் அது ஒன்றுதான். அதுவும் போய், செய்யாத குற்றத்துக்குப் போய், அழுகை அழுகையாக வந்தது. ஆள் இல்லாததால் சமையலறைச் சாமான்களோடு பேசிக்கொண்டாள். "நீ வேற ஏன் கீச்சு கீச்சுன்னு கத்துற" என்று அலமாரிக் கதவை ஒருநாள் அதட்டினாள்.

மறுநாள் காலை அலமாரிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. கீலில் எண்ணெய் பளபளத்தது.

ஸ்டோரம்மா கீலை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். அந்தக் கதவு ஆறு வருஷமாகக் கத்துகிறது. காது கேட்காத காலத்திலும் கேட்ட காலத்திலும் அவர் அதைக் கண்டுகொண்டதில்லை. நேற்று அவள் அதைத் திட்டியபோது சமையலறையில் ஒரு ஈ கூட இல்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. அப்படியே பின்னால் யோசித்துப் பார்த்தாள். போன மாதம் கத்தி மழுங்கிவிட்டது என்று தங்கையிடம் அலுத்துக்கொண்டாள், இரண்டாம் நாள் கத்தி தீட்டப்பட்டிருந்தது. பழைய செருப்பு காலைக் கடிக்கிறது என்றாள், புதுச் செருப்பு வந்தது. காது வந்ததும் மனுஷருக்குப் புத்தியும் வந்துவிட்டது என்று தங்கையிடமே பெருமை அடித்திருந்தாள். இப்போது நினைத்தால் அத்தனையும் அவரிடம் சொல்லாதவை.

அவர் குளிக்கப் போன நேரத்தில், ஒட்டுக் கேட்க எதையாவது ஒளித்துவைத்திருக்கிறாரா என்று சமையலறையை ஸ்டாக் எடுத்தாள். டப்பா டப்பாவாக இறக்கி, தட்டு தட்டாகத் தடவி, மிக்ஸியைக் கூடத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்தில் அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. ஹாலில் ப்ளக் லூஸ் என்று சொல்லித் தினமும் பத்தரைக்கு அங்கேதான் கொண்டுவந்து செருகுவார், இன்றைக்கு முன்னதாகவே செருகிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அதை நகர்த்தித் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

களைத்துப்போய் ஒரு டம்ளர் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்துச் சூடு பண்ணினாள். அதற்குள் அவர் குளித்துவிட்டு நாற்காலிக்கு வந்திருந்தார். சமையலறை வாசலில் நின்றால் நடை வழியாக அவர் தலையும் ஒரு தோளும் தெரியும். அடுப்பு சுழலத் தொடங்கியதும் அவர் முகத்தைச் சுளித்துக் காதைத் தொட்டார். அடுப்பு நின்றதும் கை இறங்கியது.

ஸ்டோரம்மா தண்ணீரை எடுக்கவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினாள். அவர் கை காதுக்குப் போனது. நிறுத்தினாள், கை இறங்கியது. மூன்றாம் முறையும் அப்படியே. இங்கே அடுப்பு சுழல, அத்தனை தூரத்தில் ஒரு மனிதனின் காதில் எதற்கு இரைய வேண்டும்? அவள் அடுப்பைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு, கறிகாய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, காது மெஷின் விற்ற கடைக்குப் போனாள்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. ஸ்டோரம்மா ஒன்றும் தெரியாதவள் போல, "எங்க வீட்டுக்காரருக்கு இந்த மெஷினும் போனும் எப்படிம்மா ஒட்டுது, நடுவுல ஒயரே இல்லையே" என்று கேட்டாள்.

"ப்ளூடூத்மா. ரேடியோ மாதிரிதான், ஆனா கொஞ்ச தூரம்தான் போகும். முதல்ல ரெண்டையும் ஜோடி சேத்துவிடணும், நான்தான் சேத்துவிட்டேன். அதுக்கப்புறம் இந்தப் போன் பேசுனா அந்த மெஷினுக்கு மட்டும்தான் கேக்கும், பக்கத்து ஆளுக்குக் கேக்காது."

"போன்ல யாராவது கூப்பிட்டாதானே கேக்கும்?"

"அப்படியும் வச்சுக்கலாம். இல்லேன்னா போனையே மைக்கா வச்சுக்கலாம். சார் ஏதோ சங்கக் கூட்டத்துக்குப் போவேன்னு சொன்னாரு. மேடையில பேசுறவர் முன்னாடி போன வச்சுட்டு இவரு பின்னாடி உக்காந்தா, அங்க பேசுறது அப்படியே இவரு காதுல விழும். அந்த பட்டனைக் காட்டிக் குடுத்தேன்."

"எவ்வளவு தூரம் விழும்?"

"பத்து மீட்டர்னு வச்சுக்கங்க. கதவு ஒண்ணு ரெண்டு இருந்தாலும் பரவாயில்ல. மைக்ரோவேவ் ஓடுனா மட்டும் கொஞ்சம் இரையும். ரெண்டும் ஒரே மாதிரி அலைமா, இடிச்சுக்கும்."

ஸ்டோரம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கறிகாய் வாங்க மறந்துபோனாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நாலு மாதமாகத் தான் பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், காது மடல் சூடேறியது. "காலண்டர் கூட மாசத்துக்கு ஒரு தடவ திரும்பும், இந்த மனுஷன் திரும்ப மாட்டாரு" என்று சொன்னது. "வேற இடத்துல குடுத்திருந்தா நான் எப்படி இருந்திருப்பேன்" என்று ஒருநாள் ஆற்றாமையில் சொன்னது. அத்தான் குறட்டைக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று தங்கை சொல்ல, இவள் கண்ணில் நீர் வரச் சிரித்தது. அவ்வளவையும் பேப்பரைப் பிடித்தபடி ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். போன் அங்கேயே இருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். அவள் குனிந்து, போனுக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்து, கொசு பறக்கிற சத்தத்தில் சொன்னாள்: "ஐயோ, பால் பொங்கி வழியுதே."

ஹாலில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அடுப்பில் பாலும் இல்லை, தீயும் இல்லை. ஸ்டோரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் அடுப்பைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

"எத்தன நாளா?" என்றாள்.

"நாலு மாசமா" என்றார். ஒளிக்கவில்லை. "முதல் நாள் வேணும்னு பண்ணல. சங்கக் கூட்டத்துலேந்து வந்து அந்த பட்டனை நிறுத்தாமலே சார்ஜ்ல போட்டுட்டேன். திடீர்னு காதுல நீ சிரிக்கிற."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"நிறுத்தல."

"பொம்பளைங்க பேசுறத ஒளிஞ்சு கேக்க உங்களுக்கு வெக்கமா இல்ல? என்னப் பெத்தவங்ககிட்ட கூட நான் பேசாதத அவகிட்ட பேசுறேன். அதத் திருடிட்டீங்களே. இப்ப அவ என்னைத் திருடின்னு நினைக்கிறா."

"நீங்க பேசுனது பாதி என்னப் பத்தி. ஒரு வார்த்த நான் திருப்பிக் கேட்டேனா?"

"கேட்டிருக்கணும். இங்க வந்து ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து கேட்டிருக்கணும்."

"நான் வந்தா நீ நிறுத்திடுவ" என்றார் அவர்.

அவளுக்குக் கோபம் அப்படியே இருந்தது. இந்த ஆள் சொல்வது நிஜம் என்பதால் கோபம் இன்னும் ஏறியது. "நாளைக்கு அவள வரச் சொல்றேன். நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

வரவழைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஏழு முறை கூப்பிட்ட பிறகு தங்கை எடுத்தாள், வந்தும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அக்காவும் அத்தானும் மாறி மாறிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சீங்களா?" என்றாள்.

"நான் ஏன்டி பொய் சொல்லணும்?"

"நீ சொல்லிட்ட. இப்ப மாட்டிக்கிட்ட. பழிய அத்தான் ஏத்துக்கிறாரு. புருஷன் பொண்டாட்டி இதுகூடப் பண்ணலேன்னா எப்படி?"

"அவரு நீ சொன்னதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்த சொல்லுவாரு. கேட்டுப் பாரு."

"அதையும் நீயே சொல்லிக் குடுத்திருக்கலாமே."

ஒரு வயிற்றில் பிறந்தவள் அல்லவா. ஸ்டோரம்மாவுக்கு ஒரு பக்கம் நெஞ்சு வலித்தது, இன்னொரு பக்கம் இந்தச் சந்தேகத்தில் ஒரு ஓட்டையும் இல்லையே என்று தோன்றியது. அவளாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

கடைசியில் தங்கையே வழி சொன்னாள். அத்தான் ஹாலில் உட்கார வேண்டும். போன் சமையலறையில் இருக்க வேண்டும். தங்கை மட்டும் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் எதையோ மெல்லச் சொல்வாள். பிறகு ஹாலுக்கு வந்து, தான் சொன்னது என்ன என்று அத்தானைக் கேட்பாள். "அதுவரைக்கும் நீ வீட்டுக்குள்ளயே இருக்கக் கூடாது. வெளிய போயி நில்லு" என்றாள் அக்காவிடம்.

"என் வீட்டுலேந்து என்னையே வெளிய நிக்கச் சொல்றியா?"

"நீதானே நம்பச் சொல்ற."

ஸ்டோரம்மா வெளியே போனாள். தெருவில் நின்றால் யாராவது என்னவென்று கேட்பார்கள் என்பதால் வீட்டை ஒட்டிய சந்துக்குள் போய் நின்றாள். சமையலறை ஜன்னல் அங்கேதான் இருந்தது, கண்ணாடி சாத்தியிருந்தது. உள்ளே தங்கை போனுக்கு நேராகக் குனிந்திருந்தாள். ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்று இவள் நினைத்தாள். தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையை விரித்து, எதிரே ஆள் இருப்பது போல எதையோ கேட்டாள். பிறகு, அழுதுகொண்டே, கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. ஸ்டோரம்மா கண்ணாடிக்கு அருகே போனாள். மேலும் அருகே போய், காதை ஒட்டவைக்கிற அளவுக்குப் போய்விட்டுச் சட்டென்று பின்வாங்கினாள். மாடி பால்கனியில் யாரும் பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். தன் சொந்தத் தங்கை, தன் சொந்தச் சமையலறையில், தன் புருஷனிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல் அவள் சந்துக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். என்னைப் பற்றித்தான் சொல்கிறாளோ. எதற்குச் சிரிக்கிறாள்? நாலு நிமிஷம் இருக்குமா, அதற்கே இருப்புக்கொள்ளவில்லை. அந்த மனுஷன் இதே மாதிரி எத்தனை வருஷம் ஹாலில் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் நினைத்தாள். தன் வாய் அசைவதும் சிரிப்பதும் தெரிகிற தூரத்தில், ஒன்றும் காதில் விழாமல், பேப்பரைப் பிடித்துக்கொண்டு. அவர் செய்தது தப்புதான். ஆனால் அந்த பட்டனை அணைத்திருப்பாளா அவள்? மாட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னால், மாட்டவே மாட்டாள்.

வாசற்கதவு திறந்தது. தங்கை நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லலக்கா" என்றாள். "நான் சொன்னது அத்தனையும் அத்தான் அப்படியே சொன்னாரு. மனசுல வச்சுக்காத."

"நான் வச்சுக்கல. உள்ள என்ன சொன்ன?"

"சும்மா, ஏதோ வாயில வந்தத."

"சும்மா சொன்னதுக்கு ஏன் அழுத?"

"பாத்தியா?" என்றாள் தங்கை, கையை விட்டுவிட்டு. பிறகு மறுபடி பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடுறேன்."

அவள் போன பிறகு ஸ்டோரம்மா ஹாலுக்கு வந்து கணவனுக்கு எதிரே நின்றாள். "என்ன சொன்னா?" என்றாள்.

"அது அவ எங்கிட்ட சொன்னது" என்றார் அவர்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சொன்னபடி போன் வந்தது. பத்தரைக்கே அவர் தன் போனை ஹாலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி டிவி மேசையின் மேல் வைத்திருந்தார். ஹால் ப்ளக்கில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே சார்ஜ் ஏறியது. ஆனாலும் தங்கை முதல் வார்த்தையாக, "அத்தான் போன் எங்க இருக்கு?" என்று கேட்டாள், இவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பேச்சு நாலைந்து நாள் நொண்டியது, பிறகு பழைய ஓட்டத்துக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை தங்கை சொன்னாள். "அவருக்கு வேலை கிடைச்சுடுச்சுக்கா. அத்தானோட அந்த பாட்டில் கம்பெனிதான். ஆனா அவங்க கூப்பிட்டுப் போகல. பேப்பர்ல விளம்பரம் வந்துச்சாம், இவராப் பாத்து எழுதிப் போட்டாரு, இன்டர்வியூல நாலு பேர்ல இவரை எடுத்தாங்க. நேத்து எங்கிட்ட அவராவே வந்து பேசினாரு. குரலு பழையபடி இருக்கு."

"விளம்பரமா?" என்றாள் ஸ்டோரம்மா.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப சந்தோஷம்டி."

பேசி முடித்துவிட்டு அவள் ஹாலுக்குப் போனாள். நாலு வாரத்துப் பேப்பரும் மூலையில் அடுக்கி இருந்தது. பத்து நிமிஷம் புரட்டினால் அப்படி ஒரு விளம்பரம் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, யார் சொல்லிப் போட்டார்கள் என்பது வரை அவள் பிடித்துவிடுவாள். அடுக்கின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். அவர் பேப்பருக்கு மேலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சகலைக்கு வேலை கிடைச்சுடுச்சாம்" என்றாள்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. யாரு சொன்னா?" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறாமல்.

இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிற மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோமே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்குத் தங்கை அந்தக் கண்ணாடிக்கு உள்ளே, தன் புருஷனுக்குத் தெரியாத வழியில் ஒரு வேலையைத்தான் கேட்டிருக்கிறாள், அது புரிந்துவிட்டது. ஆனால் நாலு நிமிஷம் பேசினாளே. மிச்சம் என்ன, நடுவில் எதற்குச் சிரித்தாள்? அது இந்த மனிதரின் காதுக்குள் இருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டார். கேட்காமல் விடவும் அவளால் முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, அவருக்கு எதிரே, அவர் கண்ணுக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.